வாசகர் கேள்வி – பதில்: பெண்கள் கால்பந்து லீக்கும் திடல் உரிமையும்

பெண்கள் கால்பந்து பற்றி வட சென்னை வாசகர்களிடமிருந்து இந்த முறை வழக்கத்தைவிட அதிகமான கடிதங்கள் வந்துள்ளன. இங்கிலாந்தின் வட்டார லீக்குகள் எப்படித் தோன்றின என்பதில் தொடங்கி, அப்படியொரு லீக்கை நம் பகுதியில் நடத்த முடியுமா என்பதுவரை கேள்விகள் நீள்கின்றன. ஒன்றின் பதில் அடுத்ததற்கு இட்டுச் செல்வதால், இந்த இதழின் பகுதியை முழுவதுமாக இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் பகுதியில் ஆண் பிள்ளைகளுக்கு ஏதாவதொரு கோப்பைப் போட்டி எப்போதும் நடந்துகொண்டே இருக்கிறது. பெண்களுக்கென வட்டார அளவிலான கால்பந்துப் போட்டிகள் முதலில் எங்கே, யாரால் நடத்தப்பட்டன?
— கல்லூரி மாணவி, வியாசர்பாடி

பதில்: பெண்கள் ஆடிய கால்பந்தைப் பெருங்கூட்டம் காசு கொடுத்துப் பார்த்தது என்று உறுதியாகச் சொல்லத்தக்க பழைய ஆட்டங்களுள் ஒன்று, 1895 மார்ச் 23 அன்று லண்டனின் கிரவுச் எண்ட் பகுதியில் நடந்தது. நெட்டி ஹனிபால் என்ற பெயரில் இயங்கிய ஒரு பெண் திரட்டிய 'பிரிட்டிஷ் லேடீஸ்' கிளப், வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிந்து ஆடியது. வடக்கு 7–1 என்று வென்றது. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் பார்த்தார்கள். ஆனால் ஒரே கிளப்பின் பெண்கள் இரண்டு நிறச் சட்டைகளில் ஆடிய காட்சி ஆட்டம்தான் அது. ஓர் ஊர் இன்னோர் ஊரை எதிர்த்து ஆடி, தோற்ற ஊர் அடுத்த முறை பார்த்துக்கொள்கிறேன் என்று கறுவிக்கொண்டு திரும்பும் வட்டாரப் போட்டி வருவதற்கு முதல் உலகப் போர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆண்கள் போர்முனைக்குப் போனதால் வெடிமருந்து ஆலைகளிலும் கப்பல் பட்டறைகளிலும் பெண்கள் வேலைக்கு அமர்த்தப்பட்டார்கள். இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன், வேர், டீஸ் ஆகிய மூன்று ஆறுகள் கடலில் கலக்கும் தொழிற்பகுதியில், இந்தப் பெண்களுக்கென்றே 1917–18 பருவத்தில் ஒரு கோப்பைப் போட்டி நடத்தப்பட்டது. வென்றது 'பிளைத் ஸ்பார்ட்டன்ஸ்' பெண்கள் அணி. பிளைத் ஒரு துறைமுக ஊர். அந்த அணியின் பெண்கள் கப்பலுக்கு வெடிமருந்து ஏற்றும் தொழிலாளிகள். கடற்கரை மணலில் கடற்படை மாலுமிகளிடம் ஆட்டம் கற்றவர்கள் என்று சொல்லப்படுகிறது. இறுதி ஆட்டம் நியூகாசிலில் கோலின்றி முடிந்ததால், 1918 மே மாதத்தில் மிடில்ஸ்பரோ நகரில் மீண்டும் நடத்தப்பட்டது. அதில் பிளைத் 5–0 என்று வென்றது. பெல்லா ரே என்ற முன்னணி ஆட்டக்காரர் மூன்று கோல்கள் அடித்தார். துறைமுகம், சுமை ஏற்றும் வேலை, கரை மணலில் பந்து என்ற இந்த வரிசை காசிமேட்டிலும் இராயபுரத்திலும் வளர்ந்தவர்களுக்குப் புதிதாக இராது. நம் துறைமுகத்தின் கூலி ஆண்கள் கைக்கே போனது; பிளைத்தில் போர் நடந்த சில ஆண்டுகளுக்கு அது பெண்கள் கையிலும் வந்தது. அணி உருவானதற்குக் காரணம் அந்தக் கூலிதான் என்பது என் எண்ணம்.

கேள்வி: 1920இல் பெண்கள் ஆட்டம் ஒன்றை 53,000 பேர் பார்த்தார்கள் என்றும், அடுத்த ஆண்டே பெண்கள் ஆடத் தடை வந்தது என்றும் படித்தேன். இவ்வளவு கூட்டம் வரும் ஆட்டத்தை ஏன் தடுத்தார்கள்? கூட்டம் வராததால் நிறுத்தினார்கள் என்றாலாவது புரியும்.
— ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர், காசிமேடு

பதில்: நீங்கள் படித்தது சரி. பிரஸ்டன் நகரின் டிக், கெர் தொழிற்சாலைப் பெண்கள் அணி, 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க் திடலில் செயின்ட் ஹெலன்ஸ் அணியை எதிர்த்து ஆடியது. உள்ளே 53,000 பேர். இடமின்றி வாசலிலேயே திரும்பியவர்கள் இன்னும் பல ஆயிரம். வசூலான 3,000 பவுண்டுக்கும் மேற்பட்ட தொகை அறப்பணிகளுக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தீர்மானம் நிறைவேற்றியது. கால்பந்து பெண்களுக்குச் சற்றும் ஏற்றதன்று, அதை ஊக்குவிக்கக் கூடாது என்பது அதன் முதல் வாதம். வசூலில் பெரும்பங்கு செலவுக்கே போய்விடுகிறது, அறப்பணிக்குப் போதிய அளவு சேரவில்லை என்பது இரண்டாவது.

தடை எந்த வடிவில் வந்தது என்பதைக் கவனியுங்கள். பெண்கள் பந்தை உதைக்கக் கூடாது என்று சொல்ல அந்தச் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை. அப்படி அது சொல்லவும் இல்லை. தன்னோடு இணைந்த கிளப்புகள் தங்கள் திடலைப் பெண்கள் ஆட்டத்துக்குத் தரக் கூடாது என்று மட்டுமே சொன்னது. காலரியும் வேலியும் நுழைவுச்சீட்டுக் கூண்டும் கொண்ட திடல்கள் அநேகமாக எல்லாமே இணைந்த கிளப்புகளிடம் இருந்ததால், அந்த ஒரு வரியே போதுமானதாக இருந்தது. வேலியில்லாத புல்வெளியில் 53,000 பேரிடம் யாராலும் சீட்டுக் கொடுத்துக் காசு வாங்க முடியாது.

காரணம் வெறும் பழமைவாதம் மட்டும்தானா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. போர் முடிந்து வந்த ஆண்கள் வேலையையும் திடலையும் திரும்பக் கேட்டார்கள். ஆண்கள் லீக்கும் அந்த ஆண்டுகளில் விரிந்துகொண்டிருந்தது. இன்னொன்றும் இருக்கிறது. 1921இல் நிலக்கரி முதலாளிகள் சுரங்கங்களைப் பூட்டித் தொழிலாளரை வெளியே நிறுத்தியபோது, பல ஊர்ப் பெண்கள் அணிகள் ஆட்டம் ஆடிச் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களின் கஞ்சித்தொட்டிக்குப் பணம் திரட்டின. போரில் காயமுற்ற வீரர்களுக்குப் பெண்கள் பணம் திரட்டியவரை கைதட்டியவர்கள், வேலை இழந்தவர்களுக்குத் திரட்டியபோது முகம் சுளித்திருக்கக் கூடும் என்று சில வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அதே 1921இல்தான் நம் பெரம்பூர் பக்கிங்ஹாம்–கர்நாடிக் ஆலையில் பெரிய வேலைநிறுத்தமும், அதையொட்டிப் புளியந்தோப்புக் கலவரமும் நடந்தன. தொழிலாளர் ஆட்டத்தைத் தொழிலாளர் அரசியலிலிருந்து பிரித்துப் பார்ப்பது அந்தக் காலத்தில் எந்த ஊரிலும் எளிதாக இருந்திருக்காது.

கேள்வி: தடைக்குப் பிறகு பெண்கள் என்ன செய்தார்கள்? ஐம்பது ஆண்டு கழித்துத் திடீரென்று லீக் எப்படி முளைத்தது?
— பள்ளி ஆசிரியை, பெரம்பூர்

பதில்: திடீரென்று முளைக்கவில்லை. தடை வந்த சில நாட்களிலேயே பெண்கள் அணிகள் கூடித் தங்களுக்கென ஒரு சங்கத்தை அமைத்தன. ஐம்பதுக்கும் மேற்பட்ட கிளப்புகள் அதில் சேர்ந்தன. 1922இல் ஒரு கோப்பைப் போட்டியையும் அந்தச் சங்கம் நடத்தியது. ஸ்டோக் பெண்கள் அணி வென்றது. அதோடு அது ஓய்ந்தது. என் கணிப்பில், இங்கேதான் அந்தத் தலைமுறையின் பலவீனம் வெளிப்படுகிறது. 1917 முதல் 1921 வரை நூற்றைம்பது அணிகள்வரை இருந்தும், அவற்றின் ஆட்டங்களில் பெரும்பாலானவை அறப்பணிக்கான தனி ஆட்டங்களாகவே நடந்தன. பருவம் முழுவதற்குமான ஆட்ட அட்டவணை, புள்ளிப் பட்டியல், பதிவேடு, வழக்குத் தீர்க்கும் குழு ஆகியவை வேர்விடவே இல்லை. ஆட்டக்காரர்கள் புகழ் பெற்றார்கள்; நிர்வாகிகள் உருவாகவில்லை. திடல் பறிபோனபோது, கையில் எஞ்சியிருக்க வேண்டிய அமைப்பு இல்லாமல் போயிற்று.

டிக், கெர் அணி தாக்குப்பிடித்தது. 1926இல் தொழிற்சாலையோடு உறவு முறிந்த பின், 'பிரஸ்டன் லேடீஸ்' என்ற பெயரில் 1965 வரை ஆடியது. அதன் புகழ்பெற்ற ஆட்டக்காரர் லில்லி பார் உட்படப் பலர் ஊருக்கு அருகில் இருந்த மனநல மருத்துவமனையில் செவிலியர் வேலை பார்த்துக்கொண்டே ஆடினார்கள். 1949இல் தோன்றிய மான்செஸ்டர் கொரிந்தியன்ஸ் வெளிநாடுகளுக்கெல்லாம் போய் ஆடியது. ஆனாலும் இவை தனி மரங்கள்தாம்.

லீக் என்று சொல்லத்தக்க வேலை நடந்த ஊர்களில் நான் முதலில் குறிப்பிட விரும்புவது சவுத்தாம்ப்டன். தென் கடற்கரையில் உள்ள பெரிய துறைமுக நகரம் அது. பிளைத்துக்கு மறு கோடி. 1966இல் இங்கிலாந்து ஆண்கள் உலகக் கோப்பையை வென்ற உற்சாகத்தில், அந்த நகரின் அலுவலகங்களிலும் கப்பல் நிறுவனங்களிலும் வேலை செய்த பெண்கள் அணிகளாகத் திரண்டார்கள். குனார்டு கப்பல் நிறுவனத்தின் பெயரில் ஓர் அணி இருந்தது. காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் பெயரில் இன்னோர் அணி. 1966–67 பருவத்தில் இவை சேர்ந்து ஒரு வட்டாரச் சங்கத்தை அமைத்து, தங்களுக்குள் லீக் ஆடின. தடை அப்போதும் நடைமுறையில்தான் இருந்தது. இணைந்த கிளப்புகளின் திடல் கிடைக்காது என்பது தெரிந்தே அவர்கள் அட்டவணை போட்டார்கள்.

விளைவைப் பாருங்கள். அந்த லீக்கில் ஆடியவர்களிலிருந்து சிறந்தவர்களைத் தேர்ந்து 'சவுத்தாம்ப்டன்' என்ற பெயரில் நகர அணி ஒன்று அமைக்கப்பட்டது. பெண்களுக்கான தேசியக் கோப்பை 1971இல் முதன்முறையாக நடந்தபோது, லண்டன் கிரிஸ்டல் பேலஸ் திடலில் ஸ்காட்லாந்தின் ஸ்டூவர்ட்டன் அணியை 4–1 என்று வென்று கோப்பையை எடுத்தது அந்த அணிதான். 1971 முதல் 1981 வரையிலான பதினொரு கோப்பைகளில் எட்டு சவுத்தாம்ப்டனுக்கே போயின. இதை ஒரு திறமையான தலைமுறையின் தற்செயல் என்று விளக்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மற்ற ஊர்களில் நல்ல பதினொருவர் இருந்தார்கள். இங்கே அந்தப் பதினொருவரை வாரந்தோறும் எதிர்த்து ஆடிச் சோதிக்க, அதே ஊரிலேயே வேறு அணிகள் இருந்தன. வலுவான எதிரணி ஊருக்குள்ளேயே இருந்ததுதான் வேறுபாடு.

நாடு முழுவதும் இப்படிச் சிதறிக் கிடந்த கிளப்புகளில் 44 சேர்ந்து 1969 நவம்பரில் பெண்கள் கால்பந்துச் சங்கத்தைத் தொடங்கின. தடை விதித்திருந்த இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் அதையொட்டி இளகத் தொடங்கி, 1971இல் தடை முறையாக நீங்கியது. அதன் பிறகும் தேசிய லீக் உடனே வரவில்லை. இருபது ஆண்டுகள் வட்டார லீக்குகளே அந்த ஆட்டத்தைச் சுமந்தன. 1991இல்தான் 24 அணிகளோடு, எட்டெட்டாக மூன்று டிவிஷன்களில், தேசிய லீக் அமைந்தது. முதல் பட்டத்தை வென்ற டோன்காஸ்டர் பெல்ஸ் அணியை 1969இல் தொடங்கியவர்கள், ஆண்கள் ஆட்டம் நடக்கும் திடலில் லாட்டரிச் சீட்டு விற்றுக்கொண்டிருந்த பெண்கள். 2013இல் மேல்மட்ட லீக்கின் இடங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது இந்த அணியே இரண்டாம் நிலைக்கு இறக்கப்பட்டு, பணபலம் மிகுந்த மான்செஸ்டர் சிட்டிக்கு மேலே இடம் தரப்பட்டது. அந்த முடிவு பருவம் தொடங்கிய பின்னரே அறிவிக்கப்பட்டது என்பது, ஆடி வென்ற புள்ளிகளுக்கு அங்கே என்ன மதிப்பு என்ற கேள்வியை எழுப்பியது, நியாயமான கேள்விதான். 1921இன் தடைக்காக இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் மன்னிப்புக் கேட்டது 2008இல்.

கேள்வி: வியாசர்பாடியைக் 'குட்டி பிரேசில்' என்கிறார்கள். பிரேசிலிலாவது பெண்கள் தடையின்றி ஆடினார்களா?
— வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: இல்லை. 1941இல் ஓர் அரசாணை, பெண்களின் 'இயல்புக்கு' ஒவ்வாத விளையாட்டுகளை அவர்களுக்கு விலக்கியது. கால்பந்து அதில் அடங்கியது. 1979 வரை அது நீடித்தது. பெலே மூன்று உலகக் கோப்பைகளை வென்ற காலம் முழுவதும் அந்த நாட்டுப் பெண்கள் சட்டத்தை மீறியே ஆட வேண்டியிருந்தது. மேற்கு ஜெர்மனியிலும் 1955 முதல் 1970 வரை இங்கிலாந்து பாணியில் கிளப்புத் திடல்கள் பெண்களுக்கு மூடப்பட்டிருந்தன. குட்டி பிரேசில் என்ற பெயரைப் பெருமையாகச் சொல்லும் நம் பகுதி, அந்தப் பாதியைப் பின்பற்றாமல் இருந்தால் போதும்.

கேள்வி: இந்தியாவில் பெண்கள் கால்பந்துக்குத் தடை ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. பிறகு ஏன் நமக்கு லீக் வர இத்தனை காலம் ஆயிற்று?
— வங்கி ஊழியர், இராயபுரம்

பதில்: தடை இல்லை என்பது சரி, அமைப்பும் இல்லை. 1975இல் இந்தியப் பெண்கள் கால்பந்துக் கூட்டமைப்பு, ஆண்கள் ஆட்டத்தை நடத்திய அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துக்கு வெளியே, தனியாகத் தொடங்கப்பட்டது. வசதி குறைந்த அந்த அமைப்பின் காலத்தில்தான் நம் பெண்கள் ஆசிய அளவில் மிக உயரத்தில் இருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. 1980 ஜனவரியில் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியா இரண்டு அணிகளை இறக்கியது. அவற்றில் ஒன்று இறுதிவரை சென்று தைவானிடம் 2–0 என்று தோற்றது. 1983இல் பாங்காக்கிலும் இரண்டாம் இடம். அதே ஆண்டில் சாந்தி மல்லிக், அர்ஜுனா விருது பெற்ற முதல் பெண் கால்பந்து வீராங்கனையானார். 1990களின் தொடக்கத்தில் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் பெண்கள் ஆட்டத்தின் பொறுப்பை ஏற்றது.

ஏற்ற பிறகும் பெண்களுக்கு மாநிலங்களுக்கு இடையிலான தேசியப் போட்டியே முதன்மையாக இருந்தது. ஆண்டில் சில நாட்கள் ஓர் ஊரில் கூடி ஆடிவிட்டுக் கலைவது என்பதே அதன் இயல்பு. இருபதுக்கும் மேற்பட்ட முறை பட்டம் வென்ற மணிப்பூரில் மட்டும், ஊருக்கு ஊர் கிளப்புகளும் உள்ளூர்ப் போட்டிகளும் இருந்ததால் ஆட்டம் ஆண்டு முழுவதும் தொடர்ந்தது. சவுத்தாம்ப்டனுக்குச் சொன்ன காரணத்தையே இங்கேயும் சொல்வேன்.

இந்தியப் பெண்கள் லீக் 2017 ஜனவரியில் டெல்லியில் தொடங்கியது. முதல் பருவத்தின் இறுதிச் சுற்று, ஆறு அணிகள், ஒரே திடல், மூன்று வாரங்களுக்குள் எல்லாம் முடிந்தது. மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன் வென்றது. அதை லீக் என்று அழைத்தார்கள், அவ்வளவே. சொந்த ஊரில் ஓர் ஆட்டம், எதிரணி ஊரில் ஓர் ஆட்டம் என்ற முறை 2023–24 பருவத்தில்தான் வந்தது. ஏழு அணிகள் ஆடிய அந்தப் பருவத்தை ஒடிசா அணியும், அடுத்த பருவத்தை ஈஸ்ட் பெங்காலும் வென்றன. வீட்டுப் பெண்கள் தம் ஊர்த் திடலுக்கு நடந்து போய்த் தேசிய லீக் ஆட்டம் பார்க்க முடிந்தது அதற்குப் பிறகுதான். 2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2–1 என்று வென்று, இந்திய அணி ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றதை இந்த மாற்றத்தோடு சேர்த்துப் பார்க்கலாம். ஒன்று மற்றதற்கு நேர்க் காரணம் என்று சொல்வதற்கு இன்னும் சில பருவங்கள் தேவை.

கேள்வி: தமிழ்நாட்டுப் பெண்கள் அணி தேசியப் பட்டம் வென்றபோது நாளிதழில் ஒரு மூலையில் செய்தி வந்தது. நம் மாநிலத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா? வட சென்னைக்கு அதில் இடம் உண்டா?
— இல்லத்தரசி, திருவொற்றியூர்

பதில்: இரண்டு முறை வென்றிருக்கிறோம். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில், அசைக்க முடியாது என்று கருதப்பட்ட மணிப்பூரை 2–1 என்று வென்றது முதல் பட்டம். 2023 ஜூனில் அமிர்தசரஸில் அரியானாவை அதே 2–1 என்று வென்றது இரண்டாவது. இடையில் 2019 மே மாதத்தில் லூதியானாவில், மதுரையின் சேது கால்பந்து கிளப் மணிப்பூர் காவல்துறை அணியை 3–1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக் பட்டத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது. 2016இல் தொடங்கிய ஒரு கிளப்புக்கு அது மூன்றே ஆண்டுகளில் கிடைத்த வெற்றி.

இந்த வெற்றிகளின் பின்னால் உள்ள பெயர்களைப் பார்த்தால் கடலூர் மாவட்டம் அடிக்கடி வரும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அந்த ஊரில் ஆதரவு தேடி வந்த பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்துப் பயிற்சி தொடர்ந்து தரப்பட்டது. இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். அந்த வேலையைச் சும்மா குறிப்பிடவில்லை. லில்லி பாருக்கு மருத்துவமனை போல, நம் பெண்களுக்குக் காவல்துறை, மணிப்பூரிலும் அப்படியே. பெரம்பூரில் 1955இல் தொடங்கிய இரயில் பெட்டித் தொழிற்சாலையும் தென்னக இரயில்வேயும் வட சென்னை ஆண்களுக்குப் பந்தின் மூலம் வேலை கொடுத்து, பல வீடுகளை நிமிர்த்தியதை இந்தப் பகுதியின் எந்தத் தெருவிலும் கேட்டறியலாம். பெண்களுக்கு அந்த வாசல் அதே அளவில் திறக்கவில்லை. பத்தாம் வகுப்பு முடிந்ததும் மகளை ஏன் திடலுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்கும் தாயிடம், அண்ணனுக்குக் கிடைத்தது போல ஒரு வேலையைக் காட்ட முடிந்தால்தான் பேச்சு நகரும்.

வட சென்னைக்கு இடம் உண்டு. தண்டையார்பேட்டையில் இயங்கும் கருணாலயா இல்லத்துடன் தொடர்புடைய பெண்கள், 2018இல் மாஸ்கோவில் நடந்த தெருவோரக் குழந்தைகள் உலகக் கோப்பையில் இந்தியாவின் சார்பாக ஆடினார்கள். வியாசர்பாடி முல்லை நகர்த் திடலில் பெண் பிள்ளைகளுக்கும் பயிற்சி நடக்கிறது. ஆட்டக்காரர்களுக்குக் குறைவில்லை, அவர்களுக்குத் தேவை அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரோடு ஆட்டம் என்பது எழுதி ஒட்டப்பட்ட ஒரு தாள்.

கேள்வி: எங்கள் சுற்றுவட்டாரத்தில் பள்ளி, மன்றம், தெரு என்று ஆறு பெண்கள் அணிகளைச் சேர்க்க முடியும். இதுவரை ஒருநாள் நாக்-அவுட் போட்டிதான் நடத்தியிருக்கிறோம். லீக் நடத்துவது எங்களைப் போன்றவர்களால் ஆகுமா?
— பயிற்சியாளர், கொடுங்கையூர்

பதில்: ஆகும். கணக்கைப் பாருங்கள். ஆறு அணிகள் நாக்-அவுட் ஆடினால் மொத்தம் ஐந்து ஆட்டங்கள்; மூன்று அணிகள் ஒரே ஒரு தோல்வியோடு அன்றே வீடு திரும்பும். இதே ஆறு அணிகள் ஒன்றோடொன்று இருமுறை லீக் ஆடினால் 30 ஆட்டங்கள். கடைசி இடத்துக்கு வரும் அணிக்கும் பத்து ஆட்டங்கள் உறுதி. வாரத்துக்கு மூன்று ஆட்டங்கள் என்றால் பத்து ஞாயிற்றுக்கிழமைகள். அணிக்கு எழுவர் ஆடும் முறையில், பாதிக்கு 25 நிமிடம், இடைவேளை ஐந்து நிமிடம் என்று வைத்தால், ஓர் ஆட்டம் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் மூன்றையும் முடித்துவிடலாம். வெற்றிக்கு மூன்று புள்ளி, சமநிலைக்கு ஒன்று.

காலத்தைத் தேர்வதில் கவனம் வேண்டும். மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேடு, திருவொற்றியூர்க் குடும்பங்களிடம் அப்போது பதிவுக் கட்டணம் கேட்பது முறையன்று. அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் நம் பகுதியின் திடல்கள் குளமாகிவிடும். ஆக ஜூலை முதல் ஞாயிறு தொடங்கினால் செப்டம்பரில் முடிக்கலாம். நடுவே மழைக்கு இரண்டு வாரம் இழந்தாலும் தாங்கும்.

விதிகளை முதல் ஆட்டத்துக்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஒரு பெண் ஒரு பருவத்தில் ஓர் அணிக்கே ஆட வேண்டும்; வலுவான அணி நடுப்பருவத்தில் மற்ற அணியின் நல்ல ஆட்டக்காரரை இழுப்பதை இது தடுக்கும். பாதி ஆட்டங்களை முடிப்பதற்குள் ஓர் அணி விலகினால், அதன் எல்லா முடிவுகளையும் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். பாதிக்கு மேல் ஆடியிருந்தால் மீதி ஆட்டங்களை எதிரணிக்கு வெற்றியாகக் கொடுக்கலாம். ஆறு அணிகளிலிருந்தும் ஒருவர் வீதம் குழு அமைத்து, ஆட்டம் ஆடி ஓய்ந்த பெண்களையே அதில் உட்கார வைப்பது நல்லது. நடுவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். கோப்பைக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியை, உடை மாற்றும் இடத்துக்கும் கழிப்பறைக்கும் செலவிடுங்கள். பெண் பிள்ளைகள் மூன்றாவது வாரம் வருவதும் வராததும் அதைப் பொறுத்திருக்கும்.

கேள்வி: எல்லாம் சரி, திடலுக்கு எங்கே போவது? மாலை முழுவதும் ஆண் பிள்ளைகள் ஆடுகிறார்கள். எங்கள் மகள்களுக்கு விடியற்காலையில் ஒரு மணி நேரம் கிடைப்பதே பெரும்பாடாக இருக்கிறது.
— தாய்மார் சிலர் கையெழுத்திட்ட கடிதம், புளியந்தோப்பு

பதில்: இங்கிலாந்தின் கதையை இவ்வளவு விரிவாக எழுதியதே இந்தக் கடிதத்தின் காரணமாகத்தான். 1921இல் பெண்களிடமிருந்து எடுக்கப்பட்டது திடல். 1971இல் திருப்பித் தரப்பட்டதும் திடல். நம் ஊரில் எடுப்பதற்குத் தீர்மானம் தேவைப்படவில்லை, பழக்கமே போதுமானதாக இருந்தது.

ஆனால் தீர்மானங்களும் வரக்கூடும். 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி, ஒன்பது செயற்கைப்புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைத்து, ஆடுபவர் ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கத் தீர்மானித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அது கைவிடப்பட்டது. எழுவர் அணி வாரம் நான்கு மணி நேரம் பயின்றால், அந்தக் கணக்கில் வாரத்துக்கு 3,360 ரூபாய் ஆகும். மகனுக்குக் கடன் வாங்கியாவது கட்டும் வீடுகளில், மகளுக்கு அந்தத் தொகையைக் கட்டுபவை எத்தனை என்று உங்களுக்கே தெரியும். எனவே திடல் பொதுவில் இருக்க வேண்டும் என்ற பேச்சில் பெண் பிள்ளைகளின் தாய்மார்கள் முன்வரிசையில் நிற்பது அவசியம்.

உடனடியாகச் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். மண்டல அலுவலகத்துக்கு மனு எழுதும்போது 'பெண்களுக்கும் நேரம் ஒதுக்குங்கள்' என்று பொதுவாக எழுதாதீர்கள், படித்து வைத்துவிடுவார்கள். மேலே கொடுங்கையூர்ப் பயிற்சியாளருக்குச் சொன்ன அட்டவணையை, பத்து ஞாயிற்றுக்கிழமைகளின் தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், ஆடும் அணிகள் ஆகியவற்றோடு தட்டச்சு செய்து மனுவோடு இணையுங்கள். நாளும் நேரமும் குறித்த கோரிக்கைக்கு ஆம் என்றோ இல்லை என்றோ எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். நகலை உங்கள் வட்ட மாமன்ற உறுப்பினரிடம் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். மாலையில் அதே திடலில் ஆடும் இளைஞர் மன்றத்தையும் ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். ஞாயிறு காலை அவர்கள் பெரும்பாலும் உறங்கிக்கொண்டுதான் இருப்பார்கள், மறுக்க மாட்டார்கள். கொடுங்கையூர்ப் பயிற்சியாளர் தம் முகவரியை உங்களுக்குத் தெரிவிக்க இசைந்திருக்கிறார். அலுவலகத்துக்கு ஓர் அஞ்சலட்டை போட்டால் அனுப்பிவைக்கிறோம். ஜூலையில் தொடங்க வேண்டுமானால் மனு மே மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.